பொட்டு அழித்த படம்

எங்கள் இறால் ஊறுகாய்க்கு ஒரு 'பிராண்டு' வேண்டும் என்று முதலில் சொன்னவள் என் நாத்தனார். படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அதுவரை நாங்கள் பாட்டிலில் அடைத்து, மூடியை இறுக்கி, பழவேற்காடு கடைத்தெருவிலும் ஏரி பார்க்க வருகிறவர்களிடமும் விற்றுக்கொண்டிருந்தோம். ஊறுகாய் போடுவது நான். இறால் உரித்துத் தருவது பக்கத்து வீட்டு அக்கா. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவர் வீட்டுக்காரர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது.

நாத்தனார் பிடித்து வந்த ஆள் சென்னைக்காரர். சின்னத் தொழில்களுக்குப் பெயர், படம், லேபிள் எல்லாம் செய்து தருகிறவராம். வாசலில் காய்ந்த வலையைத் தாண்டும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டார். ஊறுகாயை ருசி பார்க்கச் சொன்னேன். இறால் ஒத்துக்கொள்ளாது என்று தட்டை நகர்த்திவிட்டு, "உங்க கதையைச் சொல்லுங்க மேடம்" என்றார்.

"கதையா? இன்னா கதை? மீந்த எறாவ வீணாக்க வேணாம்னு போட்டேன். நல்லா கீதுன்னாங்க. போட்டுகினே இருக்கேன்" என்றேன்.

அவர் முகம் தொங்கிப்போனது. அக்காவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

அக்கா அதிகம் பேசாதவர். அன்று என்ன தோன்றியதோ, இறாலை உரித்தபடியே சொல்ல ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்காரர் கடைசியாகப் போன காலையில் இரண்டு பேருக்கும் சண்டை. அவர் கஞ்சி கேட்டிருக்கிறார். "நீயே ஊத்திக் குடி" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவர் குடிக்காமலே படகேறிவிட்டார். பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கே அது அன்றுதான் தெரியும். அந்த ஆள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மடியில் போன் பதிவு செய்துகொண்டிருந்தது. பிறகு எங்களைப் படம் பிடித்தார். அக்காவை எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "இவங்க முகம் செட் ஆகாது" என்று நாத்தனாரிடம் ஆங்கிலம் கலந்து முணுமுணுத்தார். அக்காவுக்குக் கேட்டிருக்கும்.

சென்னையில் ஒரு கண்காட்சியில் எங்களுக்குக் கடை போட்டுத் தருவதாக ஏற்பாடு. லேபிள் ஒட்ட பாட்டில்களை முந்தின நாளே அவருடைய ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள். மறுநாள் நானும் என் வீட்டுக்காரரும் மீஞ்சூரில் ரயிலேறிப் போனோம். மிச்சமிருந்த பாட்டில்களை அவர் அட்டைப்பெட்டியில் சுமந்து வந்தார்.

கடை வாசலில் ஆள் உயரத்துக்கு என் படம். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் தாலி இல்லை. கம்ப்யூட்டரில் துடைத்திருந்தார்கள். கண்ணுக்குக் கீழே கருப்பு ஏற்றியிருந்தார்கள். கீழே இப்படி எழுதியிருந்தது: "அன்று பசியோடு கடலுக்குப் போன கணவருக்குக் கஞ்சி ஊற்றாத கை, இன்று உங்களுக்கு ஊட்டுகிறது." பாட்டில்களில் ஒட்டியிருந்த லேபிளிலும் அதே படம், அதே வரி. ஊறுகாய்க்கு அந்த ஆள் வைத்திருந்த பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

என் பின்னால் அட்டைப்பெட்டியோடு நின்ற மனுஷன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் ஒரு அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தைரியமா இரும்மா. கடவுள் இருக்கார்" என்று கண் கலங்கினார். பெட்டியை இறக்கி வைத்தவரைக் காட்டி, "இவர்தாம்மா என் வீட்டுக்காரர்" என்றேன். அந்த அம்மாள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

போனில் கூப்பிட்டேன். அந்த ஆள் பதறவில்லை.

"ஜனங்க ஊறுகாய் வாங்கல மேடம், கதைதான் வாங்குறாங்க. பர்சனலா எடுத்துக்காதீங்க."

"உங்க அம்மா பொட்ட அழிச்சி இப்டி வெப்பியா?"

"இதுக்குத்தான் ஊர்க்காரங்ககிட்ட வேலை செய்யறதே கஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

படத்தைக் கிழித்து மடித்தோம். ஒரு பாட்டில்கூட விற்காமல் எல்லாவற்றையும் ஊருக்கே திருப்பி ஏற்றினோம்.

நாத்தனார் அழுதாள். பொட்டை அழிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதாம். ஆனால் அழுது முடித்ததும், "இருந்தாலும் அண்ணி, இப்டிதான் எல்லாரும் விக்கறாங்க" என்றாள். அவளை அறைந்திருப்பேன். அக்கா வாசலில் வந்து நின்றதால் அடங்கினேன்.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"உன் மூஞ்சிக்கு கீழ இன்னா எழுதிக்கீது?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. வாசித்துக் காட்டினேன்.

அக்கா விரலால் அந்த எழுத்தைத் தடவினார். பிறகு, "கஞ்சி விசயத்த அவரு அம்மாகிட்டகூட நான் சொன்னதில்ல" என்றார். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

அண்டாவில் தண்ணீர் நிரப்பி நானும் நாத்தனாரும் லேபிள்களை ஊறவைத்து உரித்தோம். பசை கோழைபோல விரலில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. என் முகம் துண்டு துண்டாகத் தண்ணீரில் மிதந்தது. சோப்பு போட்டுக் கழுவியும் அந்தக் கையால் அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

இப்போது மீஞ்சூரில் ஒரு அச்சுக்கடையில் அடித்த சின்ன லேபிள்தான். 'இறால் ஊறுகாய்', என்னென்ன சேர்த்திருக்கிறோம், எந்த ஊர், அவ்வளவு. கண்காட்சியில் எங்கள் பாட்டிலைப் பார்த்து, எடுத்துக்கொள்வதாகச் சொன்ன சென்னைக் கடைக்காரர் ஒருவர், "பழைய லேபிள்ல குடுங்க, அது நல்லா இருந்துச்சே" என்று கேட்டார். முடியாது என்றதும் அவர் மறுபடி பேசவில்லை. கடைத்தெருவில் விற்பது விற்கிறது.

அந்த ஆள் தான் செய்த நல்ல வேலைகளில் ஒன்றாக என் படத்தை இணையத்தில் இன்னும் வைத்திருக்கிறார். எடுக்கச் சொல்லிப் பல தடவை கேட்டாகிவிட்டது. அதன் கீழே முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கும்பிட்டு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அதை ஒரே ஒருமுறை பார்த்தார். அதன் பிறகு யார் போனை நீட்டினாலும் படம் எடுக்க நிற்பதில்லை.

அக்கா கொஞ்ச நாள் கழித்து இறால் உரிக்க மறுபடியும் வந்தார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. வெளியூர்க்காரர்கள் யாராவது கேமராவோடு தெருவில் வந்தால், உரித்த கையைக்கூடக் கழுவாமல் எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார்.