குங்குமப்பூக் கிழங்கிலை உண்ணி

அமலினிக்கு அண்டைக்கு விடிஞ்சதே சரியில்லை. ஊர் மன்னார். இத்தாலியிலை பலெர்மோவுக்கு வந்து ஒன்பது வருசம். அங்கை கால்சாப் பகுதியிலை அவள் வேலை செய்யிற வீட்டம்மா, சிஞ்ஞோரா, முற்றத்துப் பாத்தியைக் காட்டி, "நீ விட்ட தண்ணியாலைதான் குங்குமப்பூ செத்தது. நத்தார் முடிய வேறை ஆள் பார்க்கிறன்" எண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டா. தண்ணியாம் தண்ணி! தை மாசம் பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிறதுக்கான அனுமதி, புதுப்பிக்க வேணும். வேலைக் கடிதம் இல்லாமல் எந்த முகத்தோடை போய்க் கேட்கிறது?

அழுது என்ன வரப்போகுது? பாத்தியடியிலை குந்தியிருந்து பார்த்தாள். இலையெல்லாம் மஞ்சளாய் முறுகிக் கிடந்தது. வெள்ளிக்கீறல் இல்லை, அப்ப இலைப்பேன் இல்லை. பிசுபிசுப்பு இல்லை, அப்ப அசுவினியும் இல்லை. தாவாரத்துக்குக் கீழை அவள் தண்ணியே காட்டாத மூலையும் அப்பிடித்தான் கிடந்தது. அதைக் கண்டாப்பிறகுதான் அவளுக்குச் சீவன் வந்தது.

ஒரு கிழங்கைக் கிளறி எடுத்து, பல்லரோச் சந்தையிலை உள்ளி வாங்கேக்கை பார்க்கிற மாதிரி அடியை அமத்தினாள். பொதுக்கெண்டு போச்சு. தோலை உரிச்சால் உள்ளுக்குத் துளை, துளைக்குள்ளை தவிட்டுநிறத் தூள். போன் கமராவைப் பெருப்பிச்சுப் பிடிச்சாள். உப்புக்கல்லளவும் இல்லாத வெள்ளை உண்ணியள் மினுமினுத்துக்கொண்டு ஆறுதலாய் ஊர்ந்துகொண்டிருந்தது.

"தண்ணியிலை அழுகினால் இப்பிடித் துளை வராது, சிஞ்ஞோரா. பாருங்கோ, இது உண்ணி."

"அது எங்கையிருந்து வந்தது?"

எங்கையிருந்தெண்டு அமலினிக்குத் தெரியும். அந்தக் கிழங்கெல்லாம் சிஞ்ஞோராவின்ரை மனுசன் ஆனியிலை தன்ரை கையாலை கிண்டிப் பெட்டியிலை போட்டது. ஆடியிலை அவர் செத்துப்போனார். நட்டது போக மிச்சத்தை அந்தப் பெட்டியோடை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டி, திறப்பைக் கழுத்திலை மாட்டிக்கொண்டு திரியிறா மனுசி. சொல்லாட்டி வேலை போகும். சொன்னால் இந்த மனுசி தாங்குவாவோ?

"அவர் கிண்டி வைச்ச பெட்டியையும் ஒருக்கால் பார்ப்பம்" எண்டாள், குரலைத் தாழ்த்தி.

சிஞ்ஞோரா உள்ளை அலுமாரியடிக்குப் போனா. பிறகு கழுத்திலை கிடந்த திறப்பைக் கழட்டினா. பெட்டியிலை கை வைச்சதெல்லாம் மெத்துமெத்தெண்டு கிடந்தது. அதே தூள், அதே உண்ணி. பாவம் மனுசி, அப்பிடியே கதிரையிலை இருந்திட்டா.

"எல்லாத்தையும் எரி" எண்டா கடைசியிலை. "நத்தாருக்குப் பிறகும் நீயே வா. கடிதம் நான் எழுதித் தாறன்."

சொல்லிக்கொண்டே ஒரு கிழங்கை எடுத்துச் சட்டைப்பைக்குள்ளை வைச்சா. அமலினி கண்டாள். அதுக்குள்ளையும் உண்ணி இருக்கும் எண்டு அவளுக்குத் தெரியும். குசினிக்குப் போய் வெறும் ஜாம் போத்திலொண்டைக் கழுவித் துடைச்சு, மூடியோடை கொண்டுவந்து நீட்டினாள்.

"இதுக்குள்ளை வையுங்கோ, சிஞ்ஞோரா. மூடியை மட்டும் திறக்காதேங்கோ."