முடித்துவைத்த உபவாசம்

பரீட்சையில் நல்ல புள்ளிகள் வாங்கிய பிறகுதான் எனக்கு ஜெபம் வராமல் போனது. தவறியிருந்தால் அழுது கேட்டிருப்பேன். தேறிவிட்டேன். அதனால் ஆண்டவரிடம் எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை.

என் பெயர் ஷீபா. மந்தின் என்ற சிற்றூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள். அப்பா நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அம்மா இன்றைக்கும் மரங்களுக்கு உரம் போடும் வேலைக்குப் போகிறார். முன்பு தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையில்தான் எங்கள் சபை கூடுகிறது. சில குடும்பங்கள் மட்டுமே உள்ள சிறிய சபை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்குப் பெரிய தேவை வந்தால் பதில் கிடைக்கும்வரை எல்லோரும் வெள்ளிக்கிழமை பகலில் உபவாசம் இருப்போம். பதில் கிடைத்ததும் அந்த நபர் சாட்சி சொல்லி, தன் வீட்டில் சமைத்ததைச் சபைக்குப் பரிமாற வேண்டும். அந்தச் சாப்பாட்டோடு உபவாசம் முடிந்தது. முடித்ததை மறுபடியும் தொடங்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

நான் ஆறாம் படிவத்தில் பல்கலைக்கழகத்துக்கான எஸ்.டி.பி.எம். பரீட்சை எழுதியபோது அந்த வெள்ளிக்கிழமைகள் எனக்காக இருந்தன. சிரம்பானில் கையுறைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் மேரி அக்கா, வெறும் வயிற்றோடு நின்றார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற தாவீது அங்கிளுக்குச் சர்க்கரை வியாதி. பாஸ்டர் வேண்டாம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோலா பிலா போகும் வழியில் தலைசுற்றி, லாரியை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். விஷயம் தெரிந்து நான் அவர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது சிரித்தார்.

"ஒரு மைலோ குடிச்சிட்டேன்மா. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாருலா. நீ போய்ப் படி."

படித்தேன். ரிசல்ட்டும் நன்றாக வந்தது. அம்மா வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நான் சாட்சி சொன்னேன். அம்மா நெய்ச்சோறும் கோழிப் பிரட்டலும் பாயாசமும் செய்திருந்தார். எல்லோரும் சந்தோஷத்தில் கண் கலங்கினார்கள். நானும் அழுதேன். ஆனால் என் அழுகைக்குக் காரணம் வேறு.

நான் படிக்க ஆசைப்பட்டது மருந்தியல். வேதியியல் பாடம் கொஞ்சம் காலை வாரிவிட்டது. வேறு எத்தனையோ நல்ல படிப்புகளுக்கு இந்தப் புள்ளிகள் தாராளம், மருந்தியலுக்கு மட்டும் போதாது என்று ஆசிரியை சொன்னார். வேதியியலை மறுபடி எழுதலாம். ஆனால் கைக்கு வரும் இடத்தை விட்டுவிட்டு இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். அப்படியும் புள்ளிகள் கூடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கேட்டார்கள், கிடைத்தது, சாப்பாடும் போட்டாயிற்று. இதற்கு மேலும் வேண்டும் என்றால் நான் என்ன பிறவி? எனக்காக ஒரு மனுஷன் ரோட்டோரம் மயங்கி உட்கார்ந்தாரே, அது பற்றவில்லையா? இப்படி என்னையே திட்டிக்கொண்டேன். கடையில் மேரி அக்காவைப் பார்த்தால் வேறு பக்கமாக நழுவினேன். ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

"நம்ம தோட்டத்துப் பிள்ள யூனிவர்சிட்டி போவுதுன்னு கில்லாங்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்லா" என்றார். தொழிற்சாலையைத்தான் அப்படிச் சொல்வார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இந்த ஆசையை என்னிடமிருந்து எடுத்துப்போடும்" என்று மட்டும்தான் ஜெபிக்க வந்தது. தினமும் அதே ஜெபம். ஆசை போகவில்லை. ஒரு தடவை, ஆண்டவர் என் கெமிஸ்ட்ரி பேப்பரையும் கொஞ்சம் கவனித்திருக்கலாமே என்று நினைத்துவிட்டேன். நினைத்த உடனே பயந்து மன்னிப்புக் கேட்டேன். நன்றி கெட்டவள் என்ற எண்ணம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாஸ்டர் வழக்கம்போல ஒவ்வொருவரிடமும் ஜெபக் குறிப்பு கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. "எனக்கு ஒன்னும் இல்ல பாஸ்டர். ஸ்தோத்திரம் மட்டும்தான்" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பேசினார்.

"அவளுக்கு ஒரு குறிப்பு இருக்கு பாஸ்டர். கேக்க வெக்கப்படுறா. எல்லா புக்கையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்துட்டா. கெமிஸ்ட்ரி புக்கு மட்டும் தலகாணிக்குக் கீழ கெடக்கு. திரும்பச் சோதன எழுதணும்னு நெனைக்கிறா. சாப்பாடு போட்டு முடிச்சாச்சுன்னு எனக்குத் தெரியும். சமைச்சவ நான்தானே. அதனால நானே திரும்பக் கேக்குறேன்."

நான் அழ ஆரம்பித்தேன். "நீங்க எல்லாரும் பட்டினி கெடந்தது பத்தலன்னு சொல்ற மாதிரி ஆயிடும்னு பயந்தேன்" என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"அதுக்கா இத்தன நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?" என்றார் தாவீது அங்கிள். "பாயாசத்துல சீனி கம்மின்னு சொன்னேன், அந்தக் கோவமோன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"அப்போ வர்ற வெள்ளிக்கெழமையில இருந்து திரும்ப ஆரம்பிச்சுக்கலாம்லா" என்றார் மேரி அக்கா, ஏதோ பஸ் நேரத்தைச் சொல்வதுபோல. அங்கிளின் மனைவி மட்டும், "இவரு சாப்புட்டுட்டு ஜெபம் பண்ணட்டும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். பாஸ்டர் பரீட்சை எப்போது என்று மட்டும் கேட்டுவிட்டு ஜெபிக்கத் தொடங்கினார்.

ஆசையை எடுத்துப்போடச் சொல்லி நான் கேட்டேன். ஆண்டவர் அதை எடுக்கவில்லை. என் வாய் திறக்காதபோது அம்மாவின் வாயைத் திறந்தார். அவ்வளவு நாள் கனத்துக் கிடந்த நெஞ்சு அன்றைக்கு இளகியது. இதுதான் எனக்குக் கிடைத்த பதில் என்று விசுவாசிக்கிறேன். திங்கட்கிழமை போய்ப் பெயர் கொடுத்தேன்.

குற்ற உணர்வு முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேரி அக்கா களைத்துப்போய் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இன்னும் மனசு குத்துகிறது. ஆனால் இப்போது நான் ஒளிவதில்லை. நானும் உபவாசம் இருந்துவிட்டு, பஸ் நிறுத்தத்தில் நின்று அவர் பையை வாங்கிக்கொள்கிறேன். அவருடைய முதுகு வலிக்காகவும் ஜெபிக்கிறோம். அந்த வலி அவருக்கு வெகு காலமாக இருக்கிறதாம். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வேதியியலை மறுபடி எழுதிவிட்டேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. பதில் வந்த பிறகு சாட்சி சொல்வதுதான் எங்கள் வழக்கம். நான் முந்திக்கொண்டேன். ரிசல்ட் எப்படி வந்தாலும் இந்த நன்றி மாறக் கூடாது என்பதற்காகவே இப்போது எழுதுகிறேன்.

நல்லதைப் பெற்றுக்கொண்டும் மனசில் இன்னொன்று கிடந்து உறுத்துகிறதா? கேட்கக் கூசுகிறதா? உங்களுக்காகப் பசித்திருந்தவர்களிடமே போய்ச் சொல்லுங்கள். நீங்கள் பயப்படுகிற மாதிரி அவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. அவர்களை உங்களுக்குக் கொடுத்தவரும் பார்ப்பதில்லை.

போன வாரம் அம்மா நெய் வாங்கி வைத்தார். "ரிசல்ட் வரட்டுமேம்மா" என்றேன்.

"நல்லா வந்தாலும் சமைப்பேன், வராட்டியும் சமைப்பேன்" என்றார். "பசியோட இருந்தவங்களுக்குச் சோறு போட ரிசல்ட் எதுக்குலா?"