வாசனை தெரியாதவருக்குச் சமைத்தது

ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற டேனரிக்கு வேலைக்குப் போகிற ஆம்பிளைகள் எல்லோரும் சொல்கிற கிண்டல் ஒன்று உண்டு: "எங்க மூக்கு செத்துப்போயி வருஷமாச்சு." என் வீட்டுக்காரரும் கல்யாணமான நாளிலிருந்து இதைச் சொல்லிச் சிரித்தவர்தான். அதனால் ஒரு காய்ச்சலில் படுத்தெழுந்து, "எனக்கு வாசனையே தெரியலம்மா" என்று அவர் சொன்னபோது, "ஆரம்பிச்சிட்டீங்களா? பேசாம சாப்பிடுங்க" என்று சிரித்துவிட்டேன்.

நானும் ஷூ கம்பெனிக்குப் போகிறவள். ஏழு மணிக்கு மாதனூரில் பஸ் வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை புளிக்குழம்பு ஜாஸ்தியாக வைத்தால் செவ்வாய்வரை ஓடும். ஒருநாள் பருப்பு வேகவைத்தால் சாம்பார், மிச்சத்தில் மறுநாள் ரசம். கிடைத்த காயில் பொரியல். இதுதான் என் திட்டம்.

ஒருநாள் மத்தியானம் கம்பெனியில் டப்பாவைத் திறந்தால் சாம்பார் ஊசிப்போயிருந்தது. கொட்டிவிட்டேன். சாயந்திரம், அதே சாம்பார் கட்டிக்கொடுத்த அவருடைய டப்பா காலியாக வந்தது. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சூப்பர்."

"ஊசிப்போனதையா தின்னீங்க? புத்தி கெட்டுப்போச்சா?" கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நெஜமாத்தான் சொன்னேன், நீ சிரிச்சிட்ட. எதைத் தின்னாலும் ஒண்ணும் தெரியல. விடியறதுக்குள்ள எழுந்து செய்யற. நல்லால்லன்னு எப்படிச் சொல்றது?"

அப்போதுதான் அவர் சட்டை தொளதொளவென்று தொங்குவதைக் கவனித்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். அதுவரை இந்த மனுஷன் சாப்பிட வேண்டுமே! திட்டத்தை மாற்றினேன். நாக்குக்குப் புளிப்பும் காரமும் தெரிந்தன, பல்லுக்கு மொறுமொறுப்பு தெரிந்தது. ரசத்தில் மிளகைக் கூட்டினேன். பொரியலில் வறுத்த வேர்க்கடலையைக் கொட்டினேன். தினமும் அப்பளம். பிரியாணியை மட்டும் நிறுத்திவிட்டேன். மணக்க மணக்க அதை அவர் முன்னால் வைத்து நான் எப்படி விழுங்குவது?

இரண்டாம் முறை சோறு கேட்க ஆரம்பித்தார். ஆனாலும் தாளிக்கும்போது வந்து பக்கத்தில் நின்று, "இப்போ இன்னா வாசம் வருது?" என்பார். "பெருங்காயம் பொரியுதுங்க" என்பேன்.

மாதங்கள் போயின. ஒரு சாயந்திரம் அடுப்பில் முட்டைக்கோஸை வைத்துவிட்டு, கொல்லையில் என் தங்கையோடு போனில் அளந்துகொண்டிருந்தேன். முன்ரூமிலிருந்து அவர் கத்தினார்: "ஏம்மா, இன்னாவோ தீயுது!"

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். சட்டி அடிப்பிடித்துக் கருகியிருந்தது. என்னைத் திட்டிக்கொண்டே அடுப்பை அணைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு எப்படித் தெரிந்தது?

அவர் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். "தீயுதுல்ல?" மறுபடியும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"ஆமாங்க. நல்லாவே தீஞ்சிடுச்சு" என்று சொல்லி, அடுப்படியிலேயே ஓவென்று அழுதேன்.

கொட்டப் போனேன். அவர் விடவில்லை. மடியில் துண்டை மடித்துப் போட்டு, சட்டியை அதன்மேல் வைத்துக்கொண்டு, மோந்து மோந்து, சுரண்டிச் சுரண்டித் தின்றார்.