இடது பெட்டிக்கு ஒரு ஒயர்

எழுபதுகளில் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு ரெக்கார்டு பிளேயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் வந்தன. என் வீட்டுக்காரர் எலெக்ட்ரிக் ரயில் ஓட்டுகிறவர். எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் என் காது பழுதில்லாத காது, அதைப் பெருமையாகவே சொல்வேன்.

இடது பெட்டியில் சத்தம் குறைவு, ஒயர் மட்டம் என்றார் அவர். பல்லாவரத்துக் கடைக்கு என்னையும் அழைத்துப் போய், இஸ்திரிப் பெட்டிக்குப் போடும் தடித்த ஒயரைக் கேட்டார்.

“இன்னா சார், இதுல நீங்க டிரெய்னே ஓட்டலாம்!” என்று கடைக்காரர் சிரித்தார்.

அதை மாட்டிய பிறகும், “இன்னும் சத்தம் வரல” என்றார். எனக்கு இரண்டு பெட்டியும் ஒன்றுபோலத்தான் கேட்டன. அடுத்த மாதம் அவருக்கு வேலையில் காதுப் பரிசோதனை இருந்தது. அதில் தேறாதவர் கையில் ரயிலைக் கொடுக்க மாட்டார்கள்.

“நாற்காலியத் திருப்பிப் போட்டு, பெட்டிக்கு முதுகு காட்டி உட்காருங்க” என்றேன்.

“எதுக்குடி? இது இன்னா சர்க்கஸா?” என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

வலது பெட்டி இப்போது அவருடைய இடது காதுக்கு நேராக இருந்தது. பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து போய் வலது பெட்டியின் ஒயரை இழுத்துப் பார்த்தார்.

“அந்த ஒயரும் போச்சு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “நாளைக்கு ரெண்டையும் மாத்திடணும்.”

“மாத்திடலாங்க” என்றேன்.