ஐந்து கிலோவுக்குக் கீழே

மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் கார் ஷெட்டில் எங்கள் ஜிம் இருந்தது. நடத்தியவர் என் கணவர். வருகிற பையன்கள் அவரை மாஸ்டர் என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவார்கள். தொண்ணூறுகளில் ஜிம் என்றால் அப்படித்தான் இருக்கும்: சுவரில் கண்ணாடி, மூலையில் டேப் ரெக்கார்டர், ஆளுயர ராடுகள், இரும்பும் வியர்வையும் கலந்த வாசனை. விடியற்காலையில் ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம். பகலில் யாரும் வரமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்த நான் இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு, பகலில் அங்கே போய்க் கூட்டுவதும் ராடுகளுக்கு எண்ணெய் போடுவதுமாக இருந்தேன்.

பெஞ்சுகளின் ரெக்சின் கிழிந்து பஞ்சு வெளியே வந்துவிட்டதால், ராயப்பேட்டையில் சோஃபாவுக்கும் கார் சீட்டுக்கும் குஷன் தைக்கும் பாய் ஒருவரை வரச் சொன்னோம். அறுபதைத் தாண்டியவர். தரையில் முழங்கால் போட்டு பெஞ்சின் அடிப்பக்கத்தை அளந்தார். அளந்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதோ பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் அவர் கை ராடு ஸ்டாண்டைப் பிடித்து இழுப்பது கண்ணில் பட்டது. ஸ்டாண்டு ஆடியது. ஓடிப்போய் ஒரு கையால் அதையும் இன்னொரு கையால் அவரையும் பிடித்துக்கொண்டேன்.

“கால் மரத்துப்போச்சும்மா,” என்றார்.

உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி டம்ளர் குடித்த பிறகு அவராகவே சொன்னார்.

“மரத்துப்போகல. ஒரு வருஷமாவே இப்டித்தான். பள்ளிவாசல்ல கடைசி வரிசைல சேர் போட்டு உக்காந்து தொழறேன். சஜ்தாவுக்குப் போய் நெத்திய தரையில வெச்சுட்டா எழுந்துக்க முடியல. பக்கத்துல இருக்கிறவரு கை குடுத்துத் தூக்கணும். அவரு தொழுகைய நான் கெடுக்கணுமா?”

“டாக்டர் என்ன சொன்னாரு பாய்?”

“வயசாச்சு, ரெஸ்ட் எடுன்னாரு. ரெஸ்ட் எடுக்க எடுக்க இன்னும் மோசமாத்தான் கீது.”

பிசியோதெரபி படித்த தோழி ஒருத்தி அடையாறில் இருந்தாள். பாயை அவளிடம் அழைத்துப் போனேன். பிரஷர் பார்த்தாள், முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். “மூட்டு பரவாயில்ல. தொடையிலதான் பலம் போயிருக்கு. நடந்தா மட்டும் அது வராது. எடை தூக்கணும். இப்போதைக்கு இவருக்கு உக்காந்து எழுந்துக்கறதே எடை தூக்கறதுதான்,” என்றாள்.

என் கணவரிடம் சொன்னபோது, “நம்ம ஜிம்ல அவருக்குக் குடுக்க என்ன இருக்கு?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நானும் சுற்றிப் பார்த்தேன். எங்களிடம் இருந்ததிலேயே சின்ன டம்பெல் ஐந்து கிலோ. புல்லி மெஷினில் முதல் தட்டே பத்து கிலோ. பெஞ்சுகள் எல்லாம் தாழ்வானவை, பிடித்துக்கொள்ள எங்கும் ஒரு கம்பி கிடையாது. தரையில் போட்ட ரப்பர் மேட் ஓரமெல்லாம் சுருண்டு, காலைத் தடுக்கவென்றே காத்திருப்பது போல இருந்தது. பையன்கள் எடைகளைத் தூக்கிய இடத்திலேயே போட்டுவிட்டுப் போவார்கள். வாட்டசாட்டமான வாலிபர்களைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை என்று முடிவுகட்டிச் செய்த இடம் அது. அதைச் செய்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை.

லேத் பட்டறைக்குப் போய் ஒரு கிலோவிலும் இரண்டு கிலோவிலும் டம்பெல் கடைந்து தரச் சொன்னேன்.

“இன்னா மேடம், கொழந்தைங்களுக்கா?” என்று பட்டறைக்காரர் சிரித்தார்.

“இல்லைங்க, பெரியவங்களுக்கு.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “அப்டியா? எங்கம்மாவுக்கும் ஒரு ஜோடி சேத்துப் போட்டுக்கறேன்.”

பட்டினப்பாக்கம் கடற்கரையிலிருந்து மணல் கொண்டுவந்து சலித்துக் காயவைத்தேன். பாய் அதை ரெக்சின் பைகளில் நிரப்பித் தைத்து, கணுக்காலில் கட்டிக்கொள்ள பக்கிள் வைத்துக் கொடுத்தார். இரண்டு விரல் உயரத்தில் சதுர குஷன்களும் தைத்தார். ஒரு ஸ்டூலின் மேல் அவற்றை அடுக்கி, அந்த உயரத்தில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்திருக்க வேண்டும். அது சுலபமானதும் ஒரு குஷனை எடுத்துவிடுவோம். தான் தைத்ததைத் தானே உருவியெடுத்து ஓரமாக வைப்பதில் பாய்க்கு ஒரு குஷி. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வெல்டிங் மெஷினை வரவழைத்து, சுவர் நீளத்துக்கும் இடுப்புயரத்தில் பைப் பொருத்தினார். எடைகளை மாட்டச் சுவரில் ஸ்டாண்டும் வந்தது. பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே மாட்டப் பழகினார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பாய் வருவது நின்றுவிட்டது. அவருக்குப் பதிலாக அவர் மனைவி வந்து வாசலிலேயே நின்றார்.

“கால்ல பலம் வந்துடுச்சுன்னு தையல் மெஷினைத் தனியாத் தூக்கிட்டாரு. இடுப்புப் புடிச்சுக்கிச்சு. இந்த வயசுல எதுக்கும்மா அவருக்கு இந்த ஆசையெல்லாம்?”

அன்றைக்கே தோழியைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெறும் தசைப்பிடிப்புதான், சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு அவள் அந்த அம்மாவிடம் திரும்பி, “நீங்க ஏன் வலது கையைத் தூக்கவே மாட்டேங்கறீங்க?” என்று கேட்டாள்.

“பரண்ல ஒரு டப்பா எடுக்க முடியல. தோள்ல வலி. அது கெடக்கு, அவரைப் பாருங்க.”

“படுத்துட்டே இருந்தா அவருக்கு இடுப்பு இன்னும் இறுகிடும்மா. அவர் போகட்டும். கூட நீங்களும் போங்க.”

கணவரைக் கண்காணிக்கத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு அந்த அம்மா வந்தார். கொஞ்ச நாளில் இரண்டு கிலோ டம்பெல் அவர் கையில் இருந்தது. நடுவில் ஒரு திரை போட்டோம். தன் ஓரகத்தியையும் அழைத்து வரலாமா என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டார். அப்படித்தான் எங்கள் பகல் நேரம் நிரம்ப ஆரம்பித்தது.

அந்த வருஷம் ரம்ஜான் முடிந்து பிரியாணியோடு வந்த பாய், பாத்திரத்தை என் கணவர் முன்னால் வைத்தார்.

“பெருநாள் தொழுகைல சேர் போடலம்மா. பசங்களோட முன் வரிசைல நின்னேன். எழுந்திரிக்கறப்ப பக்கத்துல இருந்தவரு கை நீட்டினாரு. வேணாம்னு தலையாட்டிட்டேன்.”

என் கணவர் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

அடுத்த வருஷம் அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜிம் வைக்க யோசனை கேட்டுக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள் நிறைய இருந்த இடம். சங்கத்தின் செயலாளர் பளபளப்பான கேட்டலாக் ஒன்றைக் காட்டினார். எல்லாமே பெரிய பெரிய மெஷின்கள்.

“முதல்ல சுவர்ல கைப்பிடி போடுங்க சார்,” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. “ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமே?”

“உங்க மாடிப்படியில கைப்பிடி இருக்கே சார். அது ஆஸ்பத்திரி மாதிரியா இருக்கு?”

அவர் யோசித்தார். கைப்பிடி வந்தது, வழுக்காத தரை வந்தது. தட்டு தட்டாக அல்லாமல் ஒவ்வொரு கிலோவாக ஏற்றக்கூடிய புல்லி வந்தது. சாய்ந்துகொள்ள முதுகு உள்ள பெஞ்சுகளும் வந்தன.

திறந்த அன்று முதலில் வந்தவர் செயலாளரின் மனைவி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஒரு கிலோ டம்பெல்களைக் கொடுத்தேன். ஏற்றி இறக்கினார். மறுபடி ஏற்றி இறக்கினார். கண்ணாடியில் தன் கையைப் பார்த்தார். அப்புறம் அவற்றை என்னிடமே நீட்டினார்.

“இது ஒண்ணுமே தெரியலை. அடுத்தது குடுங்கோ.”

கொடுத்தேன். அறையின் மறுபக்கம் செயலாளர் கைப்பிடியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தார்.