ஒரு வருடம் பிந்திப் பிறந்தவள்

என் சிறுவயதில் கொஞ்சக் காலம் எனக்கு இரண்டு வயதுகள் இருந்தன. பள்ளிக்கூட வரவு இடாப்பில் ஒன்பது, கடவுச்சீட்டில் எட்டு. பெரியவர்கள் அதை ஏன் அவ்வளவு பெரிய தலையிடியாக எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வயது குறைவதில் உள்ள இலாபத்தை மட்டுமே நான் யோசித்தேன். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்க இன்னும் ஒரு வருடம் கிடைக்கும் அல்லவா?

நாங்கள் செட்டிபாளையத்தில் இருந்தோம். அப்பா சுவிசில். அம்மாவின் வயிற்றில் நான் ஏழு மாதமாக இருந்தபோது புறப்பட்டுப் போனவர். நான் அவரைப் போனில்தான் பார்த்திருந்தேன். அங்கே அவருக்கு வதிவிட அனுமதி கிடைக்கப் பல வருடங்கள் சென்றன. கிடைத்த கையோடு அம்மாவையும் என்னையும் கூப்பிட விண்ணப்பம் போட்டார்.

என் பழைய பிறப்புச் சான்றிதழ் ஒரு மாரி வெள்ளத்தில் நனைந்து மை ஊறிப் போயிருந்தது. அதனால் புதுப் பிரதி ஒன்று எடுத்தோம். பெயரில் பிழை இருந்தால் விசா கிடைக்காது என்று ஊரில் பலரும் பயமுறுத்தியிருந்தார்கள். அம்மா அலுவலக வாசலிலேயே நின்று மூன்று பேருடைய பெயர்களையும் எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தார். அம்மா நேசரி ரீச்சர். எங்கள் ஊர் வழக்கப்படி ஆணோ பெண்ணோ எல்லாப் பிள்ளைகளையும் 'மனே' என்றே கூப்பிடுவார். பிள்ளைகளின் கொப்பியில் ஒரு சுழி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பெயர்கள் சரியாக இருந்தன. மாதமும் திகதியும் சரி. தட்டச்சு செய்தவரின் விரல் பக்கத்து இலக்கத்தில் விழுந்து, நான் பிறந்த வருடத்தில் ஒன்று கூடியிருந்ததை மட்டும் அம்மா காணவில்லை. அந்தப் பிரதியைக் கொடுத்தே கடவுச்சீட்டும் எடுத்தோம். அதையும் ஒருவரும் கவனிக்கவில்லை.

கவனித்தது தூதரகம். ஒரு பின்னேரம் அப்பா போனில் எடுத்தார். வழக்கம்போல அம்மா போனை எனக்கும் கேட்கும்படி மேசையில் வைத்திருந்தார்.

"புள்ளைட பாஸ்போட்டில வருசம் பிழையா இரிக்காம். நான் வெளிக்கிட்டுப் பதினாலு மாசத்தால பிறந்த கணக்கா இரிக்காம். என்னெண்டு கேட்டு எழுதியிருக்கிறாங்க" என்றார் அப்பா.

அம்மா ஓடிப்போய்க் கடவுச்சீட்டைக் கொண்டுவந்து விரித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அட கடவுளே! ஒரு வருசத்தக் கூட்டிப் போட்டாங்களே. நானும் பாக்காம விட்டுட்டன்" என்று தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பா சிரித்த சத்தம் கேட்கவில்லை. "கெதியாத் திருத்தப் பார்" என்று மட்டும் சொன்னார்.

அவ்வளவு விரைவாகத் திருத்துகிற விசயமாக அது இருக்கவில்லை. சத்தியக் கடதாசி கேட்டார்கள். கிராம சேவகரின் கடிதம் கேட்டார்கள். ஆசுபத்திரியில் பழைய பதிவைத் தேடச் சொன்னார்கள். அம்மா நேசரிக்கு லீவு போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறுவார். நான் வாங்கில் குந்திக்கொண்டு ரோல்ஸ் தின்பேன். ஒருமுறை கருமபீடத்துக்கு அப்பால் இருந்த ஐயா, "சின்னப் பிழைதானே அம்மா, ஏன் அழுறீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தார். திரும்பத் திரும்ப அலைய வேண்டியிருக்கிறதே என்று அழுகிறார் என நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் மாமி வீட்டுக்கு வந்தார். மாமி அப்பாவின் அக்கா. களுவாஞ்சிகுடியில் இருந்தவர், தீபாவளி வருடப்பிறப்பு தவிர வருகிறவர் அல்ல. வந்தவர் என்னை மடியில் இருத்தி, தலைமயிரை ஒதுக்கிக் காதைப் பார்த்தார். காலைத் தூக்கிப் பெருவிரலைப் பார்த்தார். ஒருவரும் என்னை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை என்பதால் மற்றக் காலையும் நீட்டினேன்.

"காது எங்கட ஆக்கள்ற காதுதான்" என்றார் மாமி.

அம்மா குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்றார். "வேற ஆர்ர காது இரிக்கும் எண்டு நினைச்சீங்க மச்சாள்?" என்று கேட்டார். மாமி தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ் போய்விடும் என்று எழும்பினார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் காதை எல்லோருக்கும் காட்டினேன். எங்கள் குடும்பத்துக்கென்று தனிக் காது உண்டு என்று பெருமையடித்தேன்.

கடைசியில் சான்றிதழ் திருந்தியது. புதுக் கடவுச்சீட்டும் வந்தது. எனக்கு மறுபடியும் ஒரே வயதானது. ஆனால் ஒரே பிள்ளைக்கு இரண்டு பிறந்த வருடங்களைக் கண்ட தூதரகம் இனி எந்தக் கடதாசியையும் நம்பத் தயாராக இல்லை. அப்பாவுக்கும் எனக்கும் டி.என்.ஏ. சோதனை செய்ய வேண்டும் என்று எழுதியது. அதைச் சொல்ல அப்பா எடுத்தபோது அம்மா போனைக் கையில்தான் வைத்திருந்தார். ஆனாலும் அப்பாவின் குரல் எனக்குக் கேட்டது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் எண்டு எழுதிக் குடுத்துட்டன்."

"உடனேயா?"

"வேற என்ன செய்யிற? மாட்டன் எண்டா பைலை மூடிருவாங்க. கெதியா முடியட்டும் எண்டுதான். நான் உன்னச் சந்தேகப்படல்ல."

அம்மா, "அந்தச் சொல்ல நான் சொல்லல்லயே" என்றார். "நீங்கதான் சொல்றீங்க. புள்ள பிறந்த அண்டு ஆசுபத்திரிக் கட்டில்ல இரிந்து உங்களோட கதைச்சன். அது அழுத சத்தத்தக் கேட்டுட்டு நீங்களும் அழுதீங்க. அது எந்த வருசம் எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அத அவங்களுக்குச் சொன்னீங்களா?"

அப்பா என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை.

சோதனைக்குக் கொழும்புக்குப் போனோம். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அக்கா பஞ்சு சுற்றிய குச்சியால் என் கன்னத்தின் உட்புறத்தைத் தடவி எடுத்தார். நோகவேயில்லை. எங்கள் ஊரில் சோதனை என்றால் பரீட்சை. ஆகவே திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. "நான் பாஸ் பண்ணிருவனா அம்மா?" என்று கேட்டேன்.

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "சோதனை உனக்கில்ல மனே, எனக்குத்தான்" என்றார்.

"நீங்க படிச்சீங்களா?"

பக்கத்து இருக்கையில் இருந்தவர் சிரித்தார். அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்து, நித்திரை கொள்ளச் சொன்னார்.

முடிவு வந்தது. நான் அப்பாவின் மகள்தான். அப்பா போனில் சத்தம் போட்டுச் சந்தோசப்பட்டார். "நான் சொன்னன்தானே, நான் சொன்னன்தானே" என்றார். மாமி கேக் வாங்கிக்கொண்டு வந்தார். இந்த முறை தேத்தண்ணியை முழுதாகக் குடித்தார். அம்மா கேக்கை வெட்டி, அயல் வீடுகளுக்கும் கொடுத்துவிட்டார். தனக்கென்று ஒரு துண்டும் எடுக்கவில்லை. விசாவும் வந்தது. மூன்று மாதத்துக்குள் பயணப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. நான் வகுப்பில் எல்லோரிடமும் பயணம் சொல்லிவிட்டேன்.

அம்மா மட்டும் டிக்கெட் எடுக்க விடவில்லை. முதலில் நேசரியின் விளையாட்டுப் போட்டி முடியட்டும் என்றார். மறுகா, புது ரீச்சர் வரட்டும் என்றார். அப்பா ஒவ்வொரு நாளும் எடுத்தார். கெஞ்சினார், கோபப்பட்டார், மறுபடியும் கெஞ்சினார். அம்மா சண்டை போடவில்லை. "பாப்பம்" என்றார். பார்த்துக்கொண்டிருக்க மூன்று மாதமும் முடிந்தது.

அவர்கள் பிரியவில்லை, சேரவுமில்லை. அப்பா இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார், கிழமைக்கொருமுறை எடுப்பார். நான் உயர்தரம் படித்த காலத்தில் ஒருமுறை வந்து நின்றார். புறப்படுவதற்கு முதல் நாள் வாவிக்கரையில் என்னோடு நடந்துகொண்டிருந்தவர், "பைலை மூடிருவாங்க எண்டு பயந்துட்டன் மனே. அவங்களுக்குப் பதில் எழுத முந்தி ஒரு சொல் கொம்மாட்டக் கேட்டிருக்கலாம்" என்றார். அதை அம்மாவிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் அடுத்த நாள் தனியாகத்தான் விமானம் ஏறினார்.

விசா முடிந்த அன்று எனக்கு இதொன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தால் வந்து, உடுப்பும் மாற்றாமல், ஏன் போகவில்லை என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"அங்க சரியான குளிராம் மனே" என்றார்.

காரணம் இவ்வளவுதானா என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. குளிரைப் பற்றி அப்பா எனக்கு எல்லாம் சொல்லியிருந்தாரே. அம்மாவின் முன்னால் குந்திக்கொண்டேன். வெளியில்தான் குளிர், வீட்டுக்குள்ளே சுவரோடு சூடு வரும் குழாய்கள் இருக்கின்றன, வெறுங்காலோடு நடக்கலாம், அப்பா எங்களுக்கென்று தடித்த கோட்டு இரண்டு வாங்கிக் கொழுவி வைத்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா "ஓம் மனே, ஓம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லைப் போலும் என்று நினைத்து, அப்பாவின் வீடு எவ்வளவு சூடாக இருக்கும் என்பதை நான் மறுபடியும் முதலில் இருந்து சொல்லத் தொடங்கினேன்.