ரோஸ்விதாவின் அறுபத்தோராயிரம் கோளாறுகள்

ரோஸ்விதா கேகலுக்கு வாய் கொஞ்சம் நீளம். வைடன்ஃபுர்ட் நகராட்சியில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கணினி உதவிப் பிரிவில் பதினான்கு வருடம் போன் எடுத்தவள் அவள். கட்டடப் பிரிவிலிருந்து யாராவது, "மேடம், திரை கறுப்பாயிடுச்சு" என்று புலம்பினால், "பிளக் சொருகியிருக்கான்னு குனிஞ்சு பாருங்க. குனிய முடியலன்னா பக்கத்துல ஒல்லியா யாராவது இருந்தா கூப்பிடுங்க" என்பாள். போனை வைத்ததும் அறையிலிருந்த மற்ற மூன்று பேரும் சிரிப்பார்கள்.

அவள் ஒன்றும் பிறவிக் கணினிக்காரி இல்லை. உதவிப் பிரிவுக்கு மாற்றலாகும்வரை நாய் வளர்ப்பவர்களிடம் வரி கேட்டு நோட்டீஸ் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். 2005இல் நகரமன்றம் துணிந்து ஒரு காரியம் செய்தது. அதுவரை எல்லா மேசைகளிலும் இருந்த அமெரிக்கக் கம்பெனியின் மென்பொருளைத் தூக்கியெறிந்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை வைப்பதென்று முடிவெடுத்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், எந்தக் கம்பெனி முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம். அந்த யோசனை ரோஸ்விதாவுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கணவன் அவளை விட்டுப் போன வருடம் அது. அந்த மாதிரி நேரத்தில் சிலர் தேவாலயத்துக்குப் போவார்கள், சிலர் யோகாவுக்குப் போவார்கள். இவள் லினக்ஸுக்குப் போனாள்.

ஊரில் லினக்ஸ் பைத்தியங்களுக்கென்று வியாழக்கிழமை தோறும் 'கறுப்புக் கடா' பீர்க்கடையில் ஒரு மேசை உண்டு. ஏழு ஆண்கள். தலைமை, இயற்பியல் ஆசிரியர் வோல்ஃப்ராம் டைம்லிங். முதல் இரண்டு வருடம் இவள் எதைக் கேட்டாலும் ஏழு பேருக்கும் ஒரே பதில்தான்: "போய்ப் படி." இவளும் அவமானத்தை பீரோடு சேர்த்து விழுங்கிவிட்டு, போய்ப் படித்தாள். மூன்றாவது வருடம் வோல்ஃப்ராம் எழுதிய ஒரு நிரலில் தப்பு கண்டுபிடித்து எல்லோர் முன்னாலும் சொன்னாள். அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த மேசையில் இடம் கிடைத்தது. அடுத்த வாரம் புதிதாக வந்த ஒரு பெண்ணிடம் இவளே "போய்ப் படி" என்றாள். அந்தப் பெண் மறுபடி வரவில்லை. நல்ல குணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது அவள் சந்தோஷமாக இருந்தாள், அதுவும் உண்மை.

இனி அந்தப் படிவத்துக்கு வருவோம். உதவி கேட்டு வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என்ன காரணம் என்று ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். ஆரம்பத்தில் 'பயன்படுத்தியவர் தவறு' என்றும் ஒரு கட்டம் இருந்தது. ஊழியர் சங்கத்துத் தலைவர் ஓட்மார் பிரெய்ன் அதைப் பார்த்துவிட்டுக் கொதித்தெழுந்தார். எந்த ஊழியர் எத்தனை தடவை தப்புச் செய்தார் என்று பதிவு செய்வது வேவு பார்ப்பது ஆகும், சட்டப்படி செல்லாது என்றார். சட்டமும் அவர் பக்கம்தான் இருந்தது. கட்டத்தை எடுத்தார்கள். மிச்சம் இருந்தது மூன்று: 'சிஸ்டம் கோளாறு', 'நெட்வொர்க் கோளாறு', 'பிற காரணம்'. மூன்றாவதைத் தொட்டால் அரைப் பக்கம் விளக்கம் எழுதி, பிரிவுத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். யாருக்கு வேறு வேலையில்லை?

ஆக, பாஸ்வேர்டை மறந்தால் சிஸ்டம் கோளாறு. விசைப்பலகையில் காப்பி கொட்டினால் சிஸ்டம் கோளாறு. பிரின்டரில் காகிதம் தீர்ந்தாலும் சிஸ்டம் கோளாறு. ஒரு நாளைக்கு இருபது டிக் போடுவாள் ரோஸ்விதா. வியாழக்கிழமை மேசையில் அதை நடித்தே காட்டுவாள். "எங்க சிஸ்டம் மாதிரி ஒரு தத்தி சிஸ்டம் உலகத்துலயே கிடையாதுப்பா. பதினாலு வருஷமாச்சு, சிந்தாம ஒரு காப்பி குடிக்கத் தெரியல அதுக்கு." ஏழு பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்கள். வோல்ஃப்ராமுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிடும்.

2019இல் புது மேயர் வந்தார். மறுபடி கம்பெனி மென்பொருளுக்கே போய்விடலாமா என்று பார்க்க ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். டாக்டர் ஷூர் என்று பெயர், முப்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசாத பெண். புகார்ப் பதிவுகளைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"சுருக்கமா ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தாப் போதும்" என்றார் ரோஸ்விதாவின் பிரிவுத் தலைவர்.

"ஏன் சார் சுருக்கம்? மறைக்கறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு? ஒளிக்கறது அந்தக் கம்பெனிக்காரங்க பழக்கம். நம்ம பழக்கம் தெறந்து வெக்கறது" என்றாள் ரோஸ்விதா. பதினான்கு வருடப் பதிவுகளையும் அப்படியே மொத்தமாகக் கொடுத்தாள். வியாழக்கிழமை இதைச் சொன்னபோது வோல்ஃப்ராம் அவள் முதுகில் தட்டி, தன் செலவில் பீர் வாங்கிக் கொடுத்தான்.

ஆறு வாரம் கழித்து உள்ளூர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது: இலவச மென்பொருள் அறுபத்தோராயிரம் தடவை பழுது. டாக்டர் ஷூர் எதையும் திரிக்கவில்லை. டிக்குகளை எண்ணினாள், அவ்வளவுதான். ரோஸ்விதா அந்தப் பக்கத்தை பஸ்ஸில் நின்றபடி படித்தாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

நகரமன்றம் அவளை விசாரணைக்கு அழைத்தது. அவள் சொல்வதைப் பொறுத்துத்தான் லினக்ஸ் இருக்குமா போகுமா என்பது. கவுன்சிலர் ஷ்டெர்சல் கேள்வி கேட்டார். வழக்கறிஞர் அவர்.

"இந்த டிக்கெல்லாம் நீங்க போட்டதுதானே, கேகல் மேடம்?"

"பெரும்பாலும் நான்தான்."

"அப்ப சிஸ்டம் கோளாறு இருந்துச்சு."

"இல்ல சார். பாஸ்வேர்டு மறந்தவங்க, காப்பி கொட்டினவங்க, அப்படி. வேற கட்டம் இல்ல."

"பிற காரணம்னு ஒண்ணு இருக்கே. என் கண்ணுக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியலையா?"

யாரோ சிரித்தார்கள்.

"அதுக்கு அரைப் பக்கம் எழுதணும் சார். சங்கம்தான்..." என்று அவள் ஓட்மார் பிரெய்னைத் தேடினாள். அவர் நாலாவது வரிசையில் தன் மூக்குக்கண்ணாடியை மிகுந்த கவனத்தோடு துடைத்துக்கொண்டிருந்தார்.

"நேரடியா கேக்கறேன். ஒண்ணு, இந்தப் பதிவு உண்மை, சிஸ்டம் மோசம். இல்லேன்னா சிஸ்டம் நல்லது, நீங்க பதினாலு வருஷமா அரசாங்கப் பதிவுல பொய் எழுதியிருக்கீங்க. எது?"

முதலாவதைச் சொன்னால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஓய்வு பெற மூன்று வருடம்தான் இருந்தது. அவள் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பொய்தான் எழுதினேன். சிஸ்டம் நல்லது."

ஷ்டெர்சல் தலையசைத்தார். அவருக்கு வேண்டியதும் அதுதான் போலிருக்கிறது. "நன்றி மேடம். அப்ப இந்த சிஸ்டம் நல்லா ஓடுதுன்னு இத்தனை வருஷமா எங்களுக்கு அனுப்பின அறிக்கைங்க? அதையும் எழுதினது இதே கைதானே? அதுவும் பொய்தானே?"

ஓட்டுக்கு விட்டார்கள். முப்பத்தொரு ஓட்டு அமெரிக்கக் கம்பெனிக்கு, பதினான்கு லினக்ஸுக்கு.

வியாழக்கிழமை அவள் கறுப்புக் கடாவுக்குப் போனாள். வேறு எங்கே போவாள்? ஏழு பேரும் இருந்தார்கள். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. அவள் பேரைப் போட்டு, அவள் ஒப்புக்கொண்டதை அப்படியே இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். சோம்பேறித்தனத்தால் ஒரு ஊரின் லினக்ஸைக் கொன்றவள் என்று தலைப்பு. அதன் கீழே பிரேசிலிலிருந்தும் போலந்திலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் எழுதிய வசவு முன்னூறுக்கு மேல் இருந்தது.

"உங்க எல்லாருக்கும்தான் தெரியுமே. வாராவாரம் நான் சொல்லி எல்லாரும் சிரிச்சோமே" என்றாள்.

"ஜோக்குன்னு நெனச்சோம்" என்றான் ஒருவன்.

"நான் உண்மையத்தான் சொன்னேன், வோல்ஃப்ராம். எதையும் மறைக்கக் கூடாதுன்னு நீதானே..."

"நிரலைத்தான் மறைக்கக் கூடாதுன்னேன்டி" என்றான் வோல்ஃப்ராம், அலுப்போடு. "உன்னை யாரு வாயைத் தெறக்கச் சொன்னது? நீ வந்தப்பவே எனக்குத் தெரியும், நாய் நோட்டீஸ் அடிக்கத்தான் லாயக்குன்னு."

அவள் உட்காராமலே திரும்பினாள். கோட்டு மாட்டும்போது ஒரு கை உள்ளே போகவே மாட்டேனென்றது. யாரும் எழுந்து பிடிக்கவில்லை. பதினான்கு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த மனிதர்களே அந்த ஏழு பேர்தான்.

நகராட்சி அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. எழுத்து மூலம் ஒரு கண்டனம், அதோடு சரி. காரணம் இரக்கமில்லை. இரண்டாயிரம் கணினிகளிலிருந்து லினக்ஸை எடுக்க ஆள் வேண்டும், அவளைவிட அதை அறிந்தவர் யாருமில்லை. அடுத்த வசந்தம் முழுக்க அவள் மேசை மேசையாகப் போனாள். தான் வைத்ததைத் தானே அழித்தாள். ஒவ்வொன்றிலும், எல்லாவற்றையும் அழிக்கவா என்று கணினி கேட்கும். ஆம் என்பாள்.

மே மாதம் கட்டடப் பிரிவில் கடைசி இருபது கணினிகள். வேலை முடியும் நேரத்தில் அங்கிருந்த பெண்கள் செர்ரி கேக்கும் காப்பியும் கொண்டுவந்து வைத்தார்கள். வால்பூர்கா என்ற ஒரு பருத்த அம்மாள் பெரிய துண்டாக வெட்டி ரோஸ்விதாவிடம் நீட்டினாள். முகத்தில் கேலியே இல்லை, கண் கலங்கியிருந்தது.

"மேடம், ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். போன்ல நீங்க என்னென்னவோ சொல்வீங்க, எனக்கு அழுகையா வரும். நான்தான் முட்டாள்னு நெனச்சுப்பேன். ஆனா நீங்க ஒரு தடவைகூட எங்க தப்புன்னு எழுதல. ஒண்ணு விடாம சிஸ்டம் கோளாறுன்னே எழுதியிருக்கீங்க. நீங்க இல்லேன்னா இந்த லினக்ஸ் சனியன் எங்களை விட்டுப் போயிருக்குமா? சாப்பிடுங்க."

மற்ற பெண்கள் கை தட்டினார்கள். ரோஸ்விதா தட்டை வாங்கிக்கொண்டாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றதால் முழுத் துண்டையும் அங்கேயே நின்று சாப்பிட்டு முடித்தாள்.